பெடியன் வந்திட்டான், படம் முடியவில்லை

“பெடியன் வந்திட்டான், படம் முடிஞ்சுது. மிச்சமெல்லாம் இழுவை.”

இந்த வசனத்தை நான் முதலில் கேட்டது குரூட்லி திரையரங்கின் வாசலில். ஜெனீவாவில் பழைய படங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். உள்ளே ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 1963ஆம் ஆண்டுக் கடத்தல் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியத் தலைப்புக்குச் ‘சொர்க்கமும் நரகமும்’ என்று பொருள். வெளியுலகம் அதை ‘ஹை அண்ட் லோ’ என்கிறது. ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்று நான் எழுதியது கைப்பிழை இல்லை. 143 நிமிடப் படத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போனதும், என்னோடு படம் பார்க்க வந்த அண்ணை எழும்பி வெளியே வந்து அதைச் சொன்னார். மரியாதைக்கு நானும் பின்னால் வந்தேன். இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போய் முழுப்படத்தையும் பார்த்தேன். அண்ணை இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்காத பாதியைப்பற்றி அவர் பத்து வருடமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொரியப் படமோ, பிரெஞ்சுப் படமோ, ஸ்பானியத் தொடரோ, பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய்க் காசு கேட்கிற கதை எதுவானாலும் எங்கள் சனத்தின் வாயில் இப்போது அதே வசனம்தான். அண்மையில் ஜெனீவாவை அடுத்த கரூஜில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒலிவாங்கி அண்ணையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கேக் வெட்டுவதற்கு முன் வெளிநாட்டுக் கடத்தல் படங்களின் பிழைகள் என்று இருபது நிமிடம் பேசினார். கைதட்டல் விழுந்தது. தட்டியவர்களில் என் மனைவியும் ஒருத்தி. ஆகவே எழுதவேண்டியதாயிற்று.

சின்னவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். “எழுத்து வாசிக்கவே காசு குடுத்துப் படத்துக்குப் போறது?” என்று கேட்டார். முப்பது வருடமாக இந்த ஊர் வரிக் கடிதங்களைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பிக்கிற எங்களுக்கு இரண்டு வரி வாசிப்பது ஒரு நல்ல பயிற்சி.

“இந்தப் படங்கள் கள்ளருக்குக் கடத்தப் பழக்குது” என்றார். ஜப்பானில் அந்தக் காலத்தில் கடத்தலுக்குத் தண்டனை குறைவு என்ற கோபத்தில்தான் குரோசாவா அந்தப் படத்தையே எடுத்தார். 1964இல் ஜப்பான் தன் குற்றவியல் சட்டத்தில் காசுக்குக் கடத்துவதைத் தனிக் குற்றமாகச் சேர்த்து, ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று திருத்தியது. படம் வந்த மாதமே டோக்கியோவில் நாலு வயதுப் பிள்ளையொன்று கடத்திக் கொல்லப்பட்டதையும், சட்டம் மாறியதற்கு அந்தக் கொலையே காரணம் என்பதையும் யாராவது எடுத்துக்காட்டுவார்கள். காட்டட்டும். எனக்கு இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

“ஆரப்பா சாரதியின்ர பிள்ளைக்குத் தன்ர காசைக் குடுப்பான்? நடக்கிற கதையே?” படத்தின் கேள்வியே அதுதான், அண்ணை. காலணிக் கம்பெனி நிர்வாகி கொண்டோ, கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவர வீடுவாசல் எல்லாவற்றையும் அடகுவைத்து 5 கோடி யென் சேர்த்து வைத்திருக்கிறார். கடத்தல்காரன் அவருடைய மகனென்று நினைத்துச் சாரதியின் மகனைத் தூக்கிவிடுகிறான். கேட்பது 3 கோடி. கொடுத்தால் கொண்டோ தெருவுக்கு வருவார், கொடுக்காவிட்டால் சாரதியின் முகத்தைப் பார்க்கமுடியாது. தன் சொந்தப் பேரனுக்கே கொடுக்க மறுத்த கிழவர்கள் உண்மையில் இருந்திருக்கிறார்கள். 1973இல் ரோமில் பேரன் கடத்தப்பட்டபோது எண்ணெய்ச் சீமான் ஜே. பால் கெட்டி காசு தரமாட்டேன் என்றார். பையனின் காது அறுந்து தபாலில் வந்தபிறகுதான் இறங்கிவந்தார். அதுவும் வரிவிலக்குக் கிடைக்கிற அளவுக்கு மட்டும். மிச்சத்தைத் தன் மகனுக்கு 4 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுத்தார். கொண்டோ எவ்வளவோ மேல்.

“முதல் ஒரு மணித்தியாலம் ஒரே வீட்டு ஹோலுக்கை நிண்டு கதைக்கிறாங்கள், நாடகம் மாதிரி.” இதற்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, ஏனென்றால் அண்ணைக்கு இது தெரியாத விஷயமில்லை. இந்தியத் தமிழில் மீட்புப்பணம், பணயத்தொகை என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கப்பம். சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டிய அதே கப்பம். 2006க்குப் பிறகு கொழும்பில் ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோகிற வெள்ளை வான் ஓடிய காலத்தில் கப்பம் கேட்டு அழைப்பு வந்த வீடுகளில் யாரும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயவில்லை. ஹோலுக்குள்தான் இருந்தார்கள். மணி அடித்தால் யார் எடுப்பது, என்ன சொல்வது, பொலிஸில் சொல்வதா, பொலிஸே அவர்களின் ஆளா என்று குசுகுசுத்தார்கள். அடுத்த அழைப்பு பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கிற சகோதரத்துக்கு வந்தது. யொகொஹாமா மலையுச்சி வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நிலத்தில் தவழ்கிற பொலிஸாரோடு தொலைபேசியைப் பார்த்தபடி நிற்கிற அந்தக் கூட்டத்தை எங்கள் ஆட்கள் ‘நாடகம்’ என்று சொல்லலாமா?

சரி. இனி பெரியது. பெடியன் வந்தால் முடிந்தது என்ற அந்த வசனம். அதோடு சேர்த்து அண்ணை இன்னொன்றும் சொன்னார்: “ஜெனீவா மாதிரி ஊரிலை இதெல்லாம் நடக்குமே? இதெல்லாம் காட்டு நாட்டுக் கதை.”

நடந்தது. 1977 ஒக்டோபரில், இதே ஜெனீவாவில், ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று கடத்தப்பட்டது. தகப்பன் ஜார்ஜ் ஓர்டிஸ், பொலிவியாவின் வெள்ளீய மன்னன் சிமோன் பாத்தின்யோவின் பேரன். உலகம் முழுவதிலுமிருந்து பழங்காலச் சிற்பங்களைச் சேர்த்தவர். 20 லட்சம் டொலர் கப்பம் கொடுத்தார். பத்துப் பதினொரு நாளில் பிள்ளை உயிரோடு திரும்பியது. அண்ணையின் கணக்குப்படி இங்கே விளக்கைப் போட்டுச் சனத்தை வீட்டுக்கு அனுப்பவேண்டும்.

ஆனால் 20 லட்சம் டொலர் வானத்திலிருந்து விழவில்லை. பட்ட கடனை அடைக்க ஓர்டிஸ் தன் ஆபிரிக்க, பசிபிக் தீவுச் சேகரிப்பை விற்க முடிவெடுத்தார். 1978 ஜூனில் லண்டன் சொதபீஸில் ஏலம். ஏலப் பட்டியலில் ஐந்து மரப்பலகைகளின் படம் இருந்தது. நியூசிலாந்தின் தரனாகி பகுதியில் மாவோரிகள் செதுக்கியவை. பகைவர் கைக்குப் போகக்கூடாதென்று அவர்களே சதுப்புநிலத்தில் புதைத்துவைத்தவை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1970களின் தொடக்கத்தில், மொட்டுனூயி என்ற இடத்தில் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டு, அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டிலிருந்து கடத்தப்பட்டு, 65,000 டொலருக்கு ஓர்டிஸின் கைக்கு வந்திருந்தன. (பிள்ளையைக் கடத்தினால் கடத்தல், ஒரு இனத்தின் பலகையைக் கடத்தினால் சேகரிப்பு. சொல்லகராதியில் இந்த வேறுபாடு கிடையாது.) ஜெனீவாப் பிள்ளை கடத்தப்படாவிட்டால் அந்தப் பலகைகள் ஒரு பணக்கார வீட்டின் சுவரில் சத்தமில்லாமல் கிடந்திருக்கும். கப்பம் கேட்டவன் தன்னையறியாமல் அவற்றை வெளியே கொண்டுவந்துவிட்டான்.

பட்டியலைப் பார்த்த நியூசிலாந்து அரசு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. பலகைகள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. முதல் நீதிமன்றத்தில் நியூசிலாந்துக்கு வெற்றி. 1982இல் மேன்முறையீட்டில் தோல்வி. 1983இல் பிரபுக்கள் சபையில் மறுபடி தோல்வி. அனுமதியில்லாமல் ஏற்றுமதியாகும் தொல்பொருள் அரசுடைமையாகும் என்று அப்போதைய நியூசிலாந்துச் சட்டம் சொன்னது, உண்மை. ஆனால் சுங்க அதிகாரி கையோடு பிடித்தால்தான் அது அரசுடைமை, தப்பிப் போய்விட்டால் இல்லை என்று பிரபுக்கள் பொருள்கொண்டார்கள். கலைப்பொருள் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். பலகைகள் மறுபடி ஜெனீவாவுக்கே வந்தன. 2013இல் ஓர்டிஸ் இறந்தார். 2014இல் நியூசிலாந்து அரசு குடும்பத்துக்கு 45 லட்சம் நியூசிலாந்து டொலர் கொடுத்துப் பலகைகளை மீட்டது. இப்போது அவை நியூ பிளிமத் ஊரின் புக்கே அரிக்கி அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

கணக்கைப் பாருங்கள். பிள்ளை காணாமல் போனது பத்துப் பதினொரு நாள். கப்பக்காசின் கதை 37 வருடம். கடைசியில் காசு கொடுத்து மீட்டது ஒரு அரசாங்கம், மீண்டு வீடு போனவை ஐந்து பலகைகள். இதில் எது ‘இழுவை’?

இப்போது அண்ணை பார்க்காத பாதிக்கு வருகிறேன். கொண்டோ ஒரு காலத்தில் சப்பாத்துத் தைத்தவர். காசுப் பைக்குள் இரண்டு மருந்துப் பொதிகளைத் தன் பழைய கருவிகளாலேயே மறைத்துத் தைக்கிறார். ஒன்று நனைந்தால் நாறும், மற்றது எரிந்தால் நிறப்புகை விடும். இதுவரை அண்ணை பார்த்தார். ‘கொடாமா’ விரைவு ரயிலின் கழிப்பறை ஜன்னல் 7 சென்டிமீட்டர்தான் திறக்கும், அதனால் பை அதற்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது என்ற கடத்தல்காரனின் கெட்டித்தனத்தையும் பார்த்தார். பெடியன் கிடைத்தான். அண்ணை எழும்பினார். அதற்குப் பிறகுதான் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரேயொரு நிறம் வருகிறது. ஊரின் புகைபோக்கி ஒன்றிலிருந்து இளஞ்சிவப்புப் புகை எழுகிறது. அந்தக் காட்சிக்குத்தான் உலகம் அறுபது வருடமாகத் தலைவணங்குகிறது. எங்கள் அண்ணை அந்நேரம் ட்ராமில் இருந்தார். கொண்டோவை ஊரெல்லாம் புகழ்கிறது, கடன்காரன் ஒரு நாள் தவணை கொடுக்கவில்லை, வீடு ஏலத்துக்குப் போகிறது. கீழே சேரியிலிருந்து அந்த மலைவீட்டைப் பார்த்துப் பார்த்து வெந்த பயிற்சி மருத்துவன் யார் என்பதும், அவனுக்குத் தூக்குத்தண்டனை கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பொலிஸ் அவனை உடனே பிடிக்காமல் விட்டுப்பிடிப்பதும், அதன் விலையும் எல்லாம் அந்த இரண்டாம் பாதியில்தான். ஜெனீவாவில் எழுந்த புகை நியூசிலாந்தில் தெரிந்த மாதிரித்தான் இதுவும். ‘சூது கவ்வும்’ படத்திலும் பிள்ளை வீடு திரும்பியபிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பாதிப்படம். அதற்கு அண்ணை விசிலடித்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஜப்பான்காரன் செய்தால் இழுவை.

இன்னும் ஒன்று. ஃப்ரெடெரிக் தார் என்று ஒருவர். ‘சான் அந்தோனியோ’ என்ற துப்பறியும் வரிசையை எழுதிப் பிரெஞ்சு வாசகர்களைச் சிரிக்கவைத்துக் கோடிக்கணக்கில் விற்றவர். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் வண்டூவரில் குடியிருந்தார். 1983இல் அவருடைய மகளைக் கடத்தினார்கள். 20 லட்சம் பிராங்க் கொடுத்தார். பிள்ளை வந்தது. கடத்தியவன் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கென்று அந்த வீட்டுக்குள் வந்து எல்லா அறைகளையும் பார்த்துவைத்த ஒளிப்பதிவாளன் என்பது பிறகு தெரிந்தது. தார் அடுத்த வருடம் இந்தக் காயத்தின் மேல் ஒரு நாவல் எழுதினார். அண்ணையைக் கேட்டிருந்தால், மகள் வந்துவிட்டாளே, இன்னும் என்ன எழுத்து என்று கேட்டிருப்பார். இந்த ஏரிக்கரையில் செத்தவரையும் விடவில்லை: 1978இல் வெவே பக்கம் சாப்ளினின் சவப்பெட்டியையே தோண்டியெடுத்துக் கப்பம் கேட்டார்கள். காட்டு நாடு எங்கே இருக்கிறது, அண்ணை?

பிள்ளை வராத கதையும் இருக்கிறது. அதை நான் விழா மேடையில் சொல்லமாட்டேன், இங்கே சொல்கிறேன். 2008, 2009இல் கொழும்பிலும் அயலிலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டார்கள், பெரும்பாலும் தமிழர். பெற்றோரிடம் கப்பம் கேட்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் கடற்படைக்காரர். பிள்ளைகள் திருகோணமலைக் கடற்படை முகாமில் வைக்கப்பட்டிருந்ததாக விசாரணை சொன்னது. ஒருவரும் திரும்பவில்லை. அந்த விசாரணையை நடத்திய பொலிஸ் அதிகாரி நிஷாந்த சில்வா, 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு குடும்பத்தோடு சுவிஸுக்கு வந்துவிட்டார். 2021இல் முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் தீர்மானித்தார். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐ.நா. முன்றலில், அந்தக் கால் உடைந்த நாற்காலிச் சிற்பத்துக்குக் கீழே நிற்பதை அண்ணையும் பார்த்திருக்கிறார். அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். அவர்களில் யாரிடமும் அவர் தன் வசனத்தைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கட்டுரையை எழுதி முடித்ததும் அண்ணைக்கு அழைப்பு எடுத்தேன்.

“அண்ணை, வாற சனிக்கிழமை என்ர வீட்டில ஒரு பிரெஞ்சுப் படம் போடுறன். ‘ராப்ட்’. 2009இல வந்தது. உண்மைக் கதை. 1978இல பாரிஸில எம்பான் எண்ட பெரிய முதலாளியைக் கடத்தி, விரலையும் வெட்டினவங்கள். 63 நாள் வைச்சிருந்தவங்கள்.”

“பிறகு?”

“வெளியில வந்து பார்த்தா, அவர்ர சூதாட்டமும் சகவாசமும் பேப்பர் முழுக்க. மனுசியும் இல்லை, கம்பெனியும் இல்லை.”

“அதில ஆளை எப்ப விடுறாங்கள்?”

“படம் முடியிறதுக்குக் கன நேரம் முந்தி.”

கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப பத்து மணி ட்ராமைப் பிடிக்கலாம், என்ன தம்பி?”