ஏன் இந்தப் பெயர்?

'செல் என்றால் என்ன?' என்று கேட்டால், 'உயிரினங்களின் அடிப்படை அலகு' என்று ஒரே மூச்சில் ஒப்பித்து விடுகிறீர்கள், குட்டீஸ். சரி, அதற்கு ஏன் 'செல்' என்று பெயர்?

1665ல், இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக், தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு போல, குட்டிக் குட்டி அறைகள்! சிற்றறை என்று பொருள்படும் 'செல்' என்ற சொல்லையே பெயராக வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் வெறும் சுவர்களைத்தான். நாமோ அதைத் தமிழில் 'உயிரணு' என்கிறோம்!

'மைட்டோகாண்ட்ரியா' என்றாலே சிலருக்குக் காய்ச்சல் வரும். கிரேக்க மொழியில் 'மைட்டோஸ்' என்றால் நூல். 'காண்ட்ரியான்' என்றால் சிறு மணி. நுண்ணோக்கியில் அப்படித் தெரிந்ததால், ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பெண்டா 1898ல் வைத்த பெயர் இது. தமிழில் 'இழைமணி' என்பதும் அதே பொருள்தான். செல்லுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது இந்த மணிகளே.

பாடப் புத்தகத்தில், வரையறைக்கு முன் இந்தப் பெயர்க் கதையை இரண்டு வரி அச்சிட்டால் என்ன? பாதி மனப்பாடம் மிச்சமாகுமே! அதுவரை, 'ஏன் இந்தப் பெயர்?' என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். 'குளோரோபில்'லில் ஆரம்பிக்கலாம். தமிழில் அது 'பச்சையம்'. பாதி விடை அதிலேயே இருக்கிறது.