வௌவால்கள் தூக்கிச் சென்ற நகரம்

'ஃபாலன் லண்டன்' என்னும் இணையக் கதை விளையாட்டுக்கு 2024இல் 15 ஆண்டுகள் நிறைந்தன. சிற்றிதழ் வாசகர்களிடம் ஒரு கணினி விளையாட்டின் பிறந்தநாளைப் பற்றிப் பேசுவதில் எங்களுக்குச் சற்றுக் கூச்சம் உண்டு. எங்களுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆயினும், இத்தனை ஆண்டுகளாக எழுதப்பட்டுக்கொண்டே வரும் பத்து லட்சம் சொற்களுக்கும் மேற்பட்ட ஒரு புனைவை, 'விளையாட்டு' என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லி இலக்கிய உலகம் கடந்துபோவது நியாயமன்று என்பது எங்கள் துணிபு.

அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறோம். 1862ஆம் ஆண்டு வௌவால்கள் கூட்டமாக வந்து லண்டன் மாநகரைக் கவர்ந்து சென்று, பூமிக்கடியில் உள்ள ஒரு மாபெரும் குகையில் வைத்துவிடுகின்றன. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1861 டிசம்பரில், அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இறந்தார் என்பது வரலாறு. இந்தக் கதையிலோ அவர் இறக்கவில்லை; அவருடைய உயிருக்கு விலையாக அரசி நகரத்தையே விற்றுவிடுகிறாள். குகைக்குள் சூரியன் இல்லை. நரகம் அண்டை நாடு என்பதால் பிசாசுகளுக்கு லண்டனில் தூதரகம் இருக்கிறது. எலிகள் பேசுகின்றன. இறந்தவர்கள் பெரும்பாலும் திரும்பி எழுந்துவிடுகிறார்கள். சிறையொன்றிலிருந்து தப்பி வெளிவரும் ஒருவராக நாம் இந்நகருக்குள் நுழைகிறோம்.

ஓடுவதோ சுடுவதோ இதில் இல்லை. திரையில் நாலைந்து வாக்கியங்கள். அவற்றின் கீழே சில தெரிவுகள். ஒன்றைத் தேர்ந்தால் மேலும் நாலைந்து வாக்கியங்கள். அவ்வளவே. நாம் செய்தவையெல்லாம் நம் குணங்களாகவும் உடைமைகளாகவும் கணக்கில் ஏறுகின்றன. அந்தக் கணக்கைப் பொறுத்தே அடுத்து எந்தக் கதைத்துணுக்கு நம் கண்ணில் படும் என்பது தீர்மானமாகிறது. ஆகவே ஒருவர் படித்த லண்டனை மற்றவர் படித்திருக்க மாட்டார். முழுமையாகப் படித்து முடித்தவர் என்று எவரையும் சுட்ட முடியாத ஒரு நூலுக்கு விமர்சனம் எழுதுவது எங்ஙனம்? இன்றைய விமர்சன மரபு விடை தேடியிருக்க வேண்டிய கேள்வி இது.

எங்களை மிகவும் கவர்ந்தது இதன் காத்திருப்பு. ஒரு செயலைச் செலவிட்டால் அது திரும்பக் கிடைக்கப் பத்து நிமிடங்கள் ஆகும். சேர்த்து வைத்துக்கொள்ளக் கூடியவை இருபது செயல்களே. அவை தீர்ந்தபின் கணினியை மூடிவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். கதை அரைகுறையாக மனத்தில் கிடந்து ஊறும். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836-37இல் மாதந்தோறும் ஒரு பகுதியாக வெளிவந்தபோது லண்டன்வாசிகள் காத்திருந்தது இவ்விதமே. 1950களில் 'பொன்னியின் செல்வ'னுக்காக வாரந்தோறும் தபால்காரரை எதிர்பார்த்திருந்த வீடுகளை நம்மில் மூத்தோர் அறிவர். தொடர்கதையின் சுவையில் பாதி, அது நின்றுபோகும் இடத்தில்தான் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் காத்திருப்பையே காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம்; மாதச் சந்தா செலுத்தினால் செயல்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். பொறுமையை ஒரு கையால் கற்பித்து மறு கையால் விலைக்கு விற்பது முரண்தான். ஏதேனும் ஒரு குணத்தை வளர்ப்பதற்காக ஒரே பத்தியை முப்பது முறை படிக்க நேர்வது இலக்கிய அனுபவம் என்று வாதிட எங்களுக்குத் துணிவில்லை.

ஆனால், 'ஈட்டன்' என்பவரின் பெயரைத் தேடும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. அதைக் காட்டி இவ்விளையாட்டின் மற்றப் பிழைகளை மன்னிக்கலாம். தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார்கள்: இது உங்களை அழித்துவிடும், வேண்டாம். தொடர்ந்தால் செல்வம், நட்பு, நற்பெயர் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகப் பறிகொடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மீண்டும் அதே எச்சரிக்கை. இறுதிவரை சென்றவர் தம் பாத்திரத்தையே இழந்துவிடுகிறார். பல காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இக்கதை 2016இல் முடிவு பெற்றது. தன்னழிவை நாவலில் படிக்கும்போது நாம் கரையில் நிற்கிறோம். இங்கே நம் விரலே அதைச் செய்கிறது, அதுவும் தெரிந்தே. ஏன் செய்தோம் என்று எங்களில் எவராலும் மற்றவருக்கு விளக்க முடியவில்லை.

இதை எழுதியவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிட முடியாது. அலெக்சிஸ் கென்னடியும் பால் அரெண்டும் 2009இல் 'எக்கோ பஜார்' என்ற பெயரில் தொடங்கினார்கள். ஃபெயில்பெட்டர் கேம்ஸ் அவர்களுடைய நிறுவனம். 2016இல் கென்னடி விலகினார். வேறு பலர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். நடை பெரிதாகக் கலையவில்லை. ஆசிரியனையே மையமாக வைத்துப் படித்துப் பழகிய எங்களுக்கு இது வியப்பு.

அச்சமும் உண்டு. இது தொடங்கிய அதே 2009இன் அக்டோபரில்தான் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியது. எத்தனையோ பேரின் எழுத்து, தமிழ்ப் பக்கங்கள் உட்பட, ஒரே நாளில் இணையத்திலிருந்து இறங்கியது. 2020 முடிவில் ஃபிளாஷ் நின்றபோது எண்ணற்ற விளையாட்டுகள் திறக்க முடியாதவை ஆயின. ஃபாலன் லண்டன் வெறும் எழுத்தாலும் சிறு படங்களாலும் ஆனது என்பதால் அந்த அலையில் தப்பிற்று. என்றாலும் இதன் ஒரே பிரதி அந்நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறது. பிக்விக்கின் மாதப் பகுதிகளைப் பழைய புத்தகக் கடையில் இன்றும் யாரேனும் கண்டெடுக்கக்கூடும். இதற்கு அப்படியொரு கடை இல்லை.

எங்கள் நண்பர் ஒருவர் இந்தக் கட்டுரையைக் கடுமையாக எதிர்த்தவர். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு முறை பார்த்துவிட்டுத் திட்டுவதற்காக உள்ளே சென்றார். நேற்று எங்கள் கூட்டத்தின் நடுவே கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது என்றார்.