முதலில் ஹெட்செட்டைப் பாருங்கள்

சோமனூர், பல்லடம் பக்கம் காதில் ஹெட்செட்டோடு தறி ஓட்டும் இளைஞர்கள் இன்று சாதாரணம். நாடாத்தறி ஓடும் குடோனில் இரைச்சல் 95 முதல் 100 டெசிபெல் வரை போகும். அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும். எவ்வளவு கூட்டி வைக்கிறார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஹெட்செட் நுனியில் உள்ள சிறு ரப்பர்தான். செவித்திறன் சோதிக்கும் நாம் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதே இல்லை.

ரப்பர் செவிக்குழாயை நன்றாக அடைத்தால், உள்ளே அடைபட்ட ஓரிரு மில்லிலிட்டர் காற்றைத் தள்ளச் சின்ன டிரைவரே போதும், பேஸ் தானாக வரும். மயிரிழை இடைவெளி விழுந்தாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது கசிந்துவிடும். தவில் அடி மெலியும், அதே இடைவெளியில் தறிச் சத்தமும் உள்ளே வரும். இரண்டையும் ஈடுகட்டத்தான் ஒலியைக் கூட்டுகிறார். ரப்பரே இல்லாமல் மடலில் தொற்றி நிற்கும் வகைக்கு இந்தக் கசிவு இயல்பிலேயே உண்டு.

திறந்த காது 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலியை 10 டெசிபெலுக்கு மேல் தூக்கித் தருகிறது. குழாயை அடைத்ததும் அந்த ஏற்றம் போய்விடும். நல்ல வடிவமைப்பில் டிரைவரும் முனைக்குழலும் அதைத் திருப்பித் தரும். பேஸை மட்டும் ஏற்றி விற்கும் கருவிகளில் பாடகர் குரல் பின்னால் போய்விடுகிறது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் பஞ்சு. குறும்பியோடு சேர்ந்து முனை வலையில் அது படிந்தால் மேல் அதிர்வெண்கள் மங்கும். “பாட்டு கேக்குது, வார்த்தைதான் புரியலைங்க” என்பார். 4 கிலோஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்தவர் சொல்வதும் இதே பேச்சுத்தான். இடது, வலது மாற்றிப் போடச் சொல்லுங்கள். குறை கருவியோடு இடம் மாறினால் வலையைச் சுத்தம் செய்ய வேண்டும், அதே காதில் நின்றால் காதைத்தான் ஆராய வேண்டும். தறி ஓட்டுபவருக்கு ஆடியோகிராம் எப்படியும் எடுத்தாக வேண்டும்.

சோதனைக்கு நுரைமுனையை உருட்டி, மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை காத்திருக்கிறோம். அந்தப் பக்குவத்தை அவருடைய ஹெட்செட்டிலும் ஒருமுறை செய்து காட்டலாமே. டப்பாவில் மூன்று அளவு ரப்பர் வந்தாலும் மாட்டியிருந்ததையே பலர் கடைசிவரை வைத்திருக்கிறார்கள். இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்பதும் இல்லை.

ஆனால் பொருந்திய ஹெட்செட்டும் காதடைப்பான் ஆகிவிடாது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபெலுக்கு 8 மணி நேரம் வைத்து, 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்குகிறது. 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். குடோனில் காதடைப்பான், பாட்டு ஷிப்ட் முடிந்த பிறகு என்றே நாம் சொல்ல வேண்டும். சொல்லைக் கேட்காதவருக்குச் சரியான ரப்பரையாவது மாட்டிவிட்டு அனுப்புவோம்.

கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேருங்கள்: எந்த வகை ஹெட்செட், ரப்பர் என்ன அளவு, வலை எப்படி இருக்கிறது, ஷிப்டில் எத்தனை மணி நேரம் காதில் இருக்கிறது.