ஒற்றைக் குழாயில் தொங்கும் உரிமை

ஒரு நாட்டை அடிமைப்படுத்தப் படையெடுப்பு ஒன்றே வழி என்று எண்ணுவோர் இன்னும் உளர். அந்நாட்டிற்கு இன்றியமையாத பொருள் ஒன்றை ஒருவனே விற்பவனாக இருந்துவிட்டாற் போதும்; வில்லும் வேலும் வேண்டா. அவன் கையிலுள்ள குழாய்த்திருகே அந்நாட்டின் சட்டமன்றத்தையும் வளைத்துவிடும். இது புனைவன்று, வரலாறு.

பால்டிக்குக் கடற்கரையிலுள்ள இலித்துவேனியா, இன்றும் முப்பது இலக்கம் மக்கள் நிரம்பாத சிறுநாடு. 1990 மார்ச்சு 11-ஆம் நாள் தன் விடுதலையை மீட்டுக்கொண்டதாக அது சாற்றியது. அடுத்த திங்களே மாசுகோ பாறையெண்ணெயை நிறுத்தியது. எரிவளியைப் பெரிதும் குறைத்தது. எழுபது நாள்களுக்கு மேல் நீடித்தது முற்றுகை. விடுதலைச் சாற்றுரையை 100 நாள் நிறுத்திவைக்க மன்றம் இசைந்த பின்னரே குழாய் திறந்தது.

1991-இல் உலக நாடுகள் அதன் விடுதலையை ஏற்றன. கொடி மாறியது, குழாய் மாறவில்லை. 2014 வரை எரிவளி முழுவதும் உருசியாவின் காசுப்புரோம் நிறுவனத்திடமிருந்தே வந்தது. வேறு வாயில் இல்லாதவனுக்கு விற்பவன் விலை குறைப்பானா? ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகுவிலை கொடுத்தோருள் இலித்துவேனியரும் இருந்தனர். எரிவளியை உள்நாட்டில் பகிர்ந்தளித்த நிறுவனத்திலும் 37 விழுக்காட்டுப் பங்கு காசுப்புரோமிடமே இருந்தது. விற்பவனே வாங்குபவன் மனைக்குள்ளும் அமர்ந்திருந்தான்!

2014 அக்தோபரில் கிளைப்பேடாத் துறைமுகத்திற்கு ஒரு கப்பல் வந்தது. நீர்மமாக்கிக் கடல்வழிக் கொணரும் எரிவளியை மீண்டும் வளியாக்கிக் கரைக்கு அனுப்பும் மிதவை நிலையம் அது. அதற்கு இட்ட பெயர் ‘விடுதலை’. வாடகை மிகுதி என்று உள்நாட்டிலேயே குறை கூறினர். அக்குறை பொய்யன்று. ஆயினும், கப்பல் வருமுன்பே, அவ்வாண்டு மே திங்களில், காசுப்புரோம் தன் விலையை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைத்தது. மறுவாயில் திறக்கவிருக்கும் நிலையில் விற்பவன் இறங்கி வந்தான். அத்துடன் நில்லாது, குளிர்காலத்தில் நகர வீடுகளுக்கு வெப்பமூட்டும் நிலையங்கள் பலவற்றையும் தம் காட்டு மரக்கழிவால் இயங்குமாறு அவர்கள் மாற்றிக்கொண்டனர்.

2022 பிப்பிரவரியில் உருசியா உக்ரைனுள் படை செலுத்தியது. ஏப்பிரலில், உருசிய எரிவளி இனி வேண்டா என்று அடியோடு மறுத்த முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடு இலித்துவேனியாவே. பெருந்தொழில் நாடாகிய செருமனியோ, தன் எரிவளியிற் பாதிக்கு மேல் உருசியாவிடம் வாங்கி வந்தும், கடல்வழி எரிவளியை இறக்க ஒரு நிலையமும் கட்டாதிருந்தது. அதன் முதல் நிலையம் அவ்வாண்டு திசம்பரில்தான் திறக்கப்பட்டது. மலிவு என்று நம்பிய குழாய் எத்துணை விலையுடையது என்பதை அது காலங்கடந்தே உணர்ந்தது.

பிறநாட்டுப் பொருளை வாங்குதல் இழிவன்று. ஒருவனிடமே வாங்கும் நிலையில் நிற்றலே இழிவு. அவனை விட்டு இன்னொருவனை மட்டும் பற்றுவதும் ஆண்டானை மாற்றுவதே, விடுதலையாகாது. வாயில்கள் பலவாதல் வேண்டும். தன் மண்ணின் விளைவு பெருகுதல் வேண்டும். பிறன் பொருளின் தேவை சுருங்குதல் வேண்டும். இவற்றிற்காகும் செலவு வீண்செலவன்று. உரிமைக்குக் கொடுக்கும் விலை.

அடைபட்ட பின் சுவரை இடிப்பது அச்சத்தின் வேலை. அடைபடுமுன் மறுவாயில் அமைப்பதே அரசின் கடமை!