சோடாப் போத்தலில் எறும்புத் திராவகம்

சிலவகை எறும்புகள் கடித்த இடம் சுரீரென்று எரிவதற்குப் போமிக் அமிலமே காரணம். களுத்துறை, கேகாலைப் பகுதிகளில் இறப்பர்ப் பாலை உறையவைப்பதும் இதுவே. நூற்றுக்கு ஒரு பங்காக நீர்த்த கரைசலைப் பாலில் ஊற்றிக் கிளறி வைத்தால், மறுநாட் காலையில் வெண்கட்டியாக உறைந்திருக்கும். அதை உருளைகளிற் கொடுத்துத் தகடாக்குவர். சல்பூரிக் அமிலம் மலிவுதான், இறப்பரைக் கெடுத்துவிடும்.

விற்பனைக்கு வருவதோ பெரும்பாலும் நூற்றுக்கு 85 பங்கு செறிவுள்ளது. கலக்கும்போது தண்ணீரிலேதான் அமிலத்தை ஊற்றவேண்டும். அமிலத்திலே தண்ணீரை அன்று. தோலைச் சுடும்; கண்ணிற் பட்டாற் பார்வையையே பறிக்கக்கூடும். நிறமோ தண்ணீரின் நிறம்! இதைச் சோடாப் போத்தலில் வாங்கிவந்து அடுக்களை மூலையில் வைப்போரை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை முகர்ந்து பார்த்தா குடிக்கும்? தொண்டையும் இரைப்பையும் வெந்துபோகும், சிறுநீரகமும் பழுதாகலாம்.

தவறிக் குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்தலாகாது. மேலேறும் அமிலம் தொண்டையை மறுமுறையுஞ் சுடும். வாயைக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கண்ணிற் பட்டதாயின், கால் மணி நேரமாவது ஓடுந் தண்ணீரிற் கழுவிய பின்னரே புறப்படுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் சென்றால் வைத்தியருக்கு உதவியாகும்.