பந்தயம் இடம் மாறிவிட்டது, பந்தல்காரர் எங்கே போவார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். டீச்சர் ரிட்டையர் ஆகியும் பாடம் நடத்துவதை விடவில்லை என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

போன வாரம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். அவனுக்குக் கார் ரேஸ் என்றால் உயிர். சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 2024-ல் ராத்திரி ரேஸ் நடந்ததே, அதைப் பார்க்க அப்பாவை நச்சரித்துக் கூட்டிப்போனவன். அந்த ரேஸ் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது என்பதில் ஆரம்பித்து, எந்த ரேஸ் எந்த வருஷம் எதனால் தடைபட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியே, "கொரோனா நேரத்துல சிங்கப்பூர் ரேஸையே துருக்கிக்கு மாத்திட்டாங்க அப்பத்தா. ரேஸ் நின்னுபோகல, ஊர்தான் மாறுச்சு. யாருக்கும் நஷ்டமில்ல" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறுத்திவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் என்னத்தைச் சண்டை போடுவது? ஆனால் இரண்டு நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்ன தகவல் சரிதான். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்முலா ஒன் சீசன் தொடங்க வேண்டும். ஒரு அணியைச் சேர்ந்தவருக்குக் கொரோனா உறுதியாகி, முதல் பயிற்சி ஓட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் ரத்து செய்தார்கள். ரசிகர்கள் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு ஜூலையில், ஆஸ்திரியாவில், ஆளில்லாத கேலரிகளுக்கு நடுவே சீசனைத் தொடங்கினார்கள். 22 பந்தயம் நடக்க வேண்டிய வருஷத்தில் 17 நடந்தது. ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு வாரம் ஓட்டி, இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் துருக்கியின் கதை இன்னும் வேடிக்கை. முதலில் கனடாவுக்குப் பதில் என்று சேர்த்தார்கள். அங்கே தொற்று அதிகம் என்று பிரிட்டன் தடை போட்டதும் எடுத்துவிட்டார்கள். ஜூனில் சிங்கப்பூர் ரத்தானதும் அதற்குப் பதில் என்று மறுபடி சேர்த்தார்கள். பத்திரிகை அடித்த பிறகு மண்டபத்தை மாற்றும் கல்யாண வீடு மாதிரி. கடைசியில் 2021 அக்டோபர் 10-ஆம் தேதி இஸ்தான்புல்லில் ஓட்டி முடித்தார்கள்.

அந்தப் பந்தயங்களை ஏன் அவ்வளவு சுலபமாக இடம் மாற்ற முடிந்தது? இஸ்தான்புல்லில் ரேஸுக்கென்றே கட்டிய ஓடுபாதை இருக்கிறது. விமானத்தில் காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போனால் போதும். சிங்கப்பூர் அப்படியில்லை. அங்கே ரேஸ் ஓடுவது பஸ்ஸும் டாக்ஸியும் போகிற சாதாரண ரோட்டில். பாடாங் மைதானத்தை ஒட்டி, ஆண்டர்சன் பாலம் ஏறி, எஸ்பிளனேடு பக்கம் திரும்பும் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சுற்று. 2008-ல் தொடங்கியது. பார்முலா ஒன்னில் ராத்திரியில் நடந்த முதல் பந்தயம் அதுதான். அந்த மூன்று நாளுக்காக மாதக்கணக்கில் வேலை நடக்கும். கான்கிரீட் தடுப்பு இறக்க வேண்டும், கம்பி வலை கட்ட வேண்டும், சாரம் போட்டுக் கேலரி எழுப்ப வேண்டும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய விளக்குகளைத் தூக்கி மாட்ட வேண்டும். முடிந்ததும் அத்தனையும் கழற்ற வேண்டும்.

அதையெல்லாம் செய்வது யார் என்று கேட்டால், இந்தப் பதிவைப் படிப்பவர்களில் சிலர் கை தூக்குவீர்கள். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், கீரமங்கலம் பக்கம் சிங்கப்பூருக்கு ஒரு ஆளையாவது அனுப்பாத தெரு இருக்கிறதா?

அவர்களில் ஒருவன் என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை படித்தவன். பெயர் வேண்டாம், அவனுக்குக் கூச்சம். கணக்கில் சுமார், படம் வரைவதில் கெட்டிக்காரன். அப்பாவோடு சேர்ந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. நம் மாவட்டத்தில் அது செய்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் தோப்பில் நின்ற மரத்தை விரல் விட்டு எண்ணலாம். தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருஷம்? அம்மாவின் நகையையும் தங்கையின் நகையையும் அடகு வைத்து, வெளியில் வட்டிக்கும் வாங்கி, ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டு 2019-ல் விமானம் ஏறினான். அந்த வருஷம் ரேஸுக்குக் கேலரி கட்டும் வேலை. விடிய விடிய ஓவர்டைம். "மூணு மாச ஓடி-யில ஒரு வருஷ வட்டி கட்டிட்டேன் டீச்சர்" என்று போனில் சொன்னபோது அவன் குரலில் இருந்த பெருமை இன்னும் என் காதில் இருக்கிறது. 2020 ரேஸ் முடிந்ததும் தங்கை நகையை மீட்பது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். கணக்கில் சுமாரான பையன், இந்தக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தான்.

2020 ஏப்ரலில் அங்கே தொழிலாளர் விடுதிகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அப்படிப்பட்ட விடுதிகளில் இருந்தார்கள். அவன் அறையில் 12 பேர், அடுக்குக் கட்டில். அந்த வருஷம் டிசம்பரில் அந்த அரசாங்கமே வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். இறப்பு மிகமிகக் குறைவு, அதற்காக அந்த ஊர் மருத்துவத்தைக் கும்பிட வேண்டும். அடிப்படைச் சம்பளமும் வந்தது, சாப்பாடும் வந்தது. ஆனால் ஓவர்டைம் கிடையாது, வெளியே காலெடுத்து வைக்க முடியாது.

அந்த ஜூனில் சிங்கப்பூர் ரேஸ் ரத்து என்று அறிவித்தார்கள். கட்டுமானத்துக்கும் கூட்டம் கூடுவதற்கும் கட்டுப்பாடு இருந்ததால் ஓடுபாதையை அமைக்க வழியில்லை என்பதுதான் காரணம். நான் அதை எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், போல்ட் முடுக்குகிற பையன்கள் அறைக்குள் இருந்தார்கள், அதனால் உலகத்தின் பெரிய பந்தயங்களில் ஒன்று அங்கே நடக்கவில்லை. ஓட்டுநர்கள் இருந்தார்கள், கார் இருந்தது, பணம் இருந்தது. சாரம் கட்டத்தான் ஆளில்லை.

ரத்து செய்ததும் இடம் மாற்றியதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. சரியான முடிவு. அந்தப் பையன்களை விரட்டி வேலை வாங்கி ரேஸ் நடத்தியிருந்தால் அதுதான் பாவம். இடம் மாறியதால் லாபப்பட்டவர்களும் உண்டு. ஆசிய லெ மான் கார் பந்தயத் தொடர் 2021-ல் முழுக்க வளைகுடாவுக்குப் போனது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இந்திய வீரர்களே கொண்ட அணியோடு அதில் ஓட்டினார். நல்லதுதானே. 2020 ஐபிஎல்லை அமீரகத்துக்குக் கொண்டுபோனார்கள். நாமும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். சேப்பாக்கத்தின் வாசலில் முகத்தில் கொடி வரைந்து, மஞ்சள் பனியன் விற்பவர்களைப் பற்றி நமக்கு நினைப்பே வரவில்லை. எனக்கும்தான்.

அந்த நாட்களில் என் மருமகன் சென்னை ஆபீஸைத் தூக்கி எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்துக்கொண்டார். சம்பளம் ஒரு பைசா குறையவில்லை. எனக்குப் பென்ஷன் மாதாமாதம் வந்தது. பள்ளிக்கூடத்தைக்கூடப் போனுக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் மாற்றினோம். எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குப் போய்த் திரும்பினால்தான். நவம்பர் 2021-ல் சின்ன வகுப்புகள் திறந்தபோது, இரண்டாம் வகுப்பில் விட்ட பிள்ளை நாலாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது என்று இப்போது வேலையில் இருக்கும் டீச்சர்கள் சொன்னார்கள். வேலையை இடம் மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் நாங்கள் தப்பித்தோம். தப்பித்ததோடு நிற்காமல் புத்தியும் சொன்னோம். அவன் அறையில் அடைபட்டிருந்தபோது நான் போனில் சொன்னது: "உயிரோட இருக்கியே, அது போதும்டா." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உயிரோட இருக்கேன் டீச்சர். வட்டியும் உயிரோட இருக்கு" என்றான்.

2021 செப்டம்பரில்தான் தடுப்பூசி போட்ட விடுதித் தொழிலாளர்களை, வாரத்துக்கு 500 பேர் என்று எண்ணி, சோதனை முயற்சியாக லிட்டில் இந்தியா மாதிரியான இடங்களுக்கு வெளியே விட்டார்கள். துருக்கியில் அந்தப் பந்தயம் ஓடியபோது அவன் முறை இன்னும் வரவில்லை. ரேஸ் நாடு விட்டு நாடு போய்விட்டது, இவனால் கேட்டைத் தாண்டி ஒரு டீ குடிக்கப் போக முடியவில்லை. தங்கை நகை அந்த வருஷம் ஏலத்துக்குப் போகாமல் தப்பியது, அவன் மாமா ஒருவர் மாட்டை விற்றுக் கட்டியதால்.

இவ்வளவும் சிங்கப்பூரைப் பற்றியே பேசிவிட்டேன். நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஜல்லிக்கட்டில் நம் மாவட்டத்துக்கு உள்ள இடம் எல்லோருக்கும் தெரியும். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு என்றால் தச்சங்குறிச்சி. வாடிவாசலைத் துருக்கிக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் 2022-ல் அரசாங்கம் ஆளைக் குறைத்தது: மாடுபிடி வீரர்கள் 300 பேர், பார்வையாளர்கள் அதிகபட்சம் 150 பேர், எல்லோருக்கும் பரிசோதனைச் சான்று. மாடு அவிழ்ந்தது, அது வரைக்கும் சந்தோஷம். திடலைச் சுற்றிக் கம்பங்கூழும் பனங்கிழங்கும் ஐஸும் விற்பவர்களுக்கு 150 பேர் என்ன காணும்?

2020 பங்குனியில் எங்கள் ஊர்த் திருவிழா நின்றது. எல்லா ஊரிலும் நின்றது. பந்தல், சீரியல் செட், மைக் செட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். அவரும் என்னிடம் படித்தவர்தான். அந்தப் பணத்தில் புது வயரும் பல்பும் வாங்கிப் போட்டுவிட்டார். விழாக் கமிட்டியில் சிலர், "விழாதான் நடக்கலயே, அட்வான்ஸைத் திருப்பிக் கொடு" என்றார்கள். எங்கள் வீட்டிலும் வந்து கேட்டார்கள். ஊர்ப் பணம் ஊருக்கு வரவேண்டியதுதானே என்று நானும் தலையாட்டினேன். ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் வந்த மாதம் அது. அவர் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்தார். ஒருநாள் என் வீட்டு வாசலிலேயே நின்று, கமிட்டிக்காரரிடம் ஐந்நூறு ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் ஜெனரேட்டரை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இப்போது திருப்பூரில் இருக்கிறார்.

பெரிய ரேஸ் நடத்துகிறவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கும், வக்கீல் இருப்பார், இன்சூரன்ஸ் இருக்கும். மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போக விமானம் இருக்கும். சாரம் கட்டுபவனுக்கும் பந்தல்காரருக்கும் வாய்வார்த்தை மட்டும்தான். இதை மாற்ற உலகத்துக்கு நான் கடிதம் எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு பந்தயம் வேறு ஊருக்குப் போகும்போது, பழைய ஊரில் அந்த வேலையை நம்பியிருந்தவர்களுக்கு ஒரு பங்கு கூலியாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் கட்சி. டிவி ஒளிபரப்பு நிற்கவில்லையே, அதில் வந்த காசிலிருந்து கொடுக்கலாமே? "அது நடக்காத காரியம் அத்தை" என்று மருமகன் சொல்கிறார். இருக்கட்டும், நம் ஊரிலாவது நடக்குமா என்று பார்ப்போம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கூட்டம். புயலோ நோயோ எதுவாலும் விழா நின்றால், பந்தல், மைக் செட், மேளம், நாதஸ்வரம் யாரிடமும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதில்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கப் போகிறேன். பெண்கள் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தால் கமிட்டியில் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், அவர்களில் பாதிப் பேர் என்னிடம் முட்டி போட்டவர்கள்தானே. சிங்கப்பூர், மலேசியா, துபாயில் இருந்து வருஷா வருஷம் விழாவுக்கு வரி அனுப்புகிற பிள்ளைகள், உங்கள் சம்மதத்தைக் கீழே ஒரு வரியில் எழுதினால் எனக்குப் பலமாக இருக்கும். சம்மதமில்லை என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். திருப்பூர்க்காரரின் புது நம்பர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

சிங்கப்பூர்ப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். 2022-ல் ரேஸ் மறுபடி அங்கேயே வந்தது. மூன்று நாளில் மூன்று லட்சத்துக்கும் மேல் கூட்டம். அதற்கு ஒரு வாரம் முன்னால், ஆளே இல்லாத ஒரு கேலரியை அவன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கீழே, "இடது பக்கம் மூணு வரிசை நம்ம வேலை டீச்சர்" என்று எழுதியிருந்தான். பேரனிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எந்த வளைவு அப்பத்தா தெரியும்?" என்று கேட்டான். அதை அந்த அண்ணனிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.