அசுத்தம் உதவிக்குத் தடையன்று



தூத்துக்குடியின் உப்பளங்களிலும் கிடங்குகளிலும் காவலுக்கு நாய் வளர்ப்போர் நம்மவரிலும் உண்டு. காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்திருக்கிறது. ஆயினும் அந்த நாய் தெருநாய்களோடு சண்டையிட்டுக் குருதி ஒழுகத் திரும்பும்போது, "நஜீஸாயிற்றே!" என்று எட்டி நின்றுவிடுகிறோம். இரவெல்லாம் காத்து நின்ற வாயில்லா ஜீவனுக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுதானா?

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலணியில் நீர் கொணர்ந்து புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நஜீஸ் கழுவப்பட வேண்டியது, உதவியைத் தடுப்பதன்று.

நாய்க்கடிக் காயம் பார்வைக்குச் சிறியது. கோரைப்பல் தோலில் சிறு துளையே இடும். கவ்விய நாய் தலையை உதறுகையில் உள்ளே தசை கிழிந்துவிடும். துளை மூடிக்கொண்டபின், உட்புகுந்த கிருமிகள் சில நாள்களில் சீழ் கட்டச் செய்யும்.

ஆகவே முதலில் கையுறை அணியுங்கள். வலியால் துடிக்கும் நாய் எசமானனையும் கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையெனில், மென்துணியால் அதன் வாயைக் கட்டுங்கள். குருதி வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம், அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். அருகில் இருக்கிறதென்று கடல்நீரை எடுக்காதீர்கள். அதில் உப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. மனிதருக்குரிய வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மார்பிலோ வயிற்றிலோ கடி விழுந்திருந்தால் ஒரு கணமும் தாமதியாதீர்கள். முன்னரே வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயாயினும் மீண்டும் போட வேண்டியிருக்கும் என்பதால், அதையும் கேளுங்கள்.

இனி உங்கள் நலன். நாயின் கடியோ, உங்கள் கைச்சிராய்ப்பில் அதன் உமிழ்நீரோ பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. வயிற்றில் ஊசி போடும் காலம் மலையேறிவிட்டது. இன்று 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் கையின் தோலிலேயே போடுகிறார்கள். ஆழ்ந்த கடியாயின் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டுமே என்பீர்கள். முழுமையான தோலுக்கும் பாத்திரத்துக்கும் அவ்வாறே செய்யுங்கள். திறந்த காயத்தில் மட்டும் மண்ணைத் தேய்க்காதீர்கள். அதனால் டெட்டனஸ் வரலாம். உயிருக்குத் தீங்கு நேருமிடத்தில் மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கையுறை அணிந்தவருக்கோ இந்தக் கவலையே இல்லை.

ஈரமான ஈரல் உடைய ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. உங்கள் வாசலைக் காக்கும் உயிரும் அதில் அடக்கம் அல்லவா?